எம்.ஆர்க். படிப்பு: பிரமைகளும் உண்மைகளும்

கட்டடக்கலைப் படிப்பைப் பற்றி நம்மிடையே உலவிவரும் அபிப்பிராயங்களைக் கூர்ந்து கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அவற்றுள் ஒரு பாதி, அந்தப் படிப்பில் சேருமுன் ஒருவரிடம் என்னென்ன யோக்கியதைகள் இருந்தாக வேண்டும் என்பதைப் பற்றியவை. மறு பாதி, படித்து முடித்து வெளியே வந்தபின் அவருக்கு என்னென்ன சித்திக்கும் என்பதைப் பற்றியவை. இவ்விரண்டுக்கும் நடுவே, இரண்டு வருஷமோ மூன்றரை வருஷமோ, அந்த மாணவர் ஒரு மேஜை முன் உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று விசாரிப்பவர்களைக் காண்பது அரிது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுவதாக விளம்பரம் செய்யும் ஏஜென்ட் வரை, யாரைக் கேட்டாலும் வாசலையும் கொல்லையையும் பற்றிச் சொல்வார்களே ஒழிய, நடுவீட்டைப் பற்றிச் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் எம்.ஆர்க். என்னும் தொழிற்பட்டத்தை நாடிப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர்களும் பெரும்பொருளைச் செலவிடத் துணிகிறபடியால், அதைச் சூழ்ந்துள்ள பிரமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சற்று நிதானமாகப் பரிசோதிப்பது வீண்வேலை ஆகாது.

“எம்.ஆர்க். என்பது பி.ஆர்க்.குக்கு அடுத்த படி.”

இந்தியாவைப் பொறுத்தவரை இது சரியே. 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பெயரைப் பதிவுசெய்துகொள்வதற்கு ஐந்து வருஷ பி.ஆர்க். பட்டமே போதுமானதாகையால், அதற்கு மேற்பட்ட எம்.ஆர்க்., நகர வடிவமைப்பு, பழங்கட்டடப் பராமரிப்பு போன்ற ஏதேனும் ஒரு துறையில் விசேஷப் பயிற்சி பெற விரும்புவோருக்கும், கல்லூரியில் போதிக்க விரும்புவோருக்கும் உரியதாக இருந்துவருகிறது. ஆனால் கடல் கடந்துவிட்டால் அதே பெயர் மூன்று வெவ்வேறு வஸ்துக்களைக் குறிக்கிறது என்பதை நம்மவர்களில் பலர் விசா கிடைத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலாவது, தத்துவமோ பௌதிகமோ இலக்கியமோ படித்து ஒரு சாதாரணப் பட்டம் பெற்றவர், கட்டடக்கலையின் அரிச்சுவடியையே அறியாதவராக வந்து சேர்ந்து, மூன்று அல்லது மூன்றரை வருஷத்தில் முடிப்பது, ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் அது மூன்றரை வருஷம். இரண்டாவது, நான்கு வருஷ இளநிலைப் படிப்பிலேயே கட்டடக்கலையைப் பிரதான பாடமாக எடுத்தவர்கள் ஏறத்தாழ இரண்டு வருஷத்தில் முடிப்பது. மூன்றாவது, ஐந்து வருஷத் தொழிற்பட்டத்தை முன்னமே பெற்றுவிட்டவர்கள், தங்கள் சிந்தனையை விசாலப்படுத்திக்கொள்வதற்காக மேற்கொள்வது. 1940இல் தோன்றி, இத்தகைய படிப்புகளை ஆராய்ந்து அங்கீகாரம் அளித்துவரும் என்.ஏ.ஏ.பி. என்ற வாரியம் முதல் இரண்டையுமே தொழிற்பட்டங்களாகக் கருதுகிறது. மூன்றாவதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. மேலும், அந்த வாரியம் அங்கீகரிப்பது ஒரு குறிப்பிட்ட படிப்பையே அன்றி, அதை நடத்தும் சர்வகலாசாலையை அன்று. இதனால்தான் ஹார்வர்டின் ‘எம்.ஆர்க். ஒன்று’ அங்கீகாரம் பெற்றதாகவும், அதே கட்டடத்தில் அதே ஆசிரியர்களிடம் படிக்கும் ‘எம்.ஆர்க். இரண்டு’ அது பெறாததாகவும் இருக்கின்றன. சர்வகலாசாலையின் கீர்த்தியை நம்பி இந்த வித்தியாசத்தைக் கவனியாது விட்டவர்கள், பட்டமளிப்பு விழா முடிந்து வேலையிலும் அமர்ந்து, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாளில் திகைத்து நிற்கிறார்கள்.

அங்கீகாரம் பெறாதது தாழ்ந்தது என்று பொருள் கொள்ளக்கூடாது. நம் நாட்டு ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா மிச்சிகன் சர்வகலாசாலையில் தொழிற்பட்டத்தை முடித்துக்கொண்டு, அதற்குப் பிறகே எம்.ஐ.டி.க்குச் சென்று 1955இல் எம்.ஆர்க். பெற்றார், அடுத்த பட்டம் அவருக்குத் தொழிலுக்கான அனுமதிச்சீட்டாக வேண்டியிருக்கவில்லை. நம்மூர் பி.ஆர்க். பட்டதாரியின் நிலைமை வேறு. அவர் மூன்றாவது வகையில் சேர்ந்தால், அமெரிக்காவில் லைசென்ஸ் பெறுவதற்குத் தம் இந்தியப் படிப்பையே பாடம் பாடமாகப் பிரித்து, அந்நாட்டு நியமத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடச் செய்ய வேண்டும். நமது பாடத்திட்டத்தில் வரலாறு, மொழி போன்ற பொதுக்கல்விக்கு இடம் குறைவாகையால், அந்தப் பகுதியில் குறை காணப்பட்டு, மீண்டும் சில பாடங்களைப் படிக்கும்படி நேர்வதும் உண்டு. மாறாக, சில பள்ளிகள் அவரை அங்கீகாரம் பெற்ற படிப்பிலேயே, முதல் வருஷத்தைத் தள்ளுபடி செய்து சேர்த்துக்கொள்கின்றன. பீஸ் கட்டுமுன் பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. தரவரிசையில் அந்தப் பள்ளிக்கு எத்தனையாவது இடம் என்பதன்று.

வயதையும் முந்தைய படிப்பையும் பற்றிய அச்சத்துக்கு இங்கேயே சமாதானம் சொல்லிவிடலாம். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் பிலிப் ஜான்சன் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் 1932ஆம் வருஷத்துப் பிரசித்தமான கட்டடக்கலைக் கண்காட்சியை நடத்திப் பெயர் பெற்றுவிட்டு, முப்பத்தைந்தை நெருங்கிய வயதிலேதான் ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் நகரில் ஆஷ் வீதியில் தாம் குடியிருப்பதற்கென்று கட்டிக்கொண்ட வீட்டையே தீசிஸாக ஒப்புவித்தார். எல்லோருக்கும் அந்த வசதி வாய்க்காது என்பது வேறு விஷயம்! 1943இல் அவருக்குக் கிடைத்த பட்டத்தின் பெயர் பி.ஆர்க். அக்காலத்தில் அங்கே முதுநிலைத் தொழிற்படிப்புக்கும் அந்தப் பெயரே வழங்கியது.

“நன்றாகப் படம் வரைபவர்களுக்கே ஏற்றது, கணக்கிலும் புலியாக இருக்க வேண்டும்.”

பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையை ஆர்க்கிடெக்சருக்கு அனுப்புவதும், வாங்காத பிள்ளையைத் தடுப்பதும் நம் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. 1981இல் வாஷிங்டனில் வியட்நாம் போர்வீரர்களின் நினைவுச்சின்னத்துக்காக நடந்த போட்டியில் 1,421 மனுக்களிடையே முதலிடம் பெற்றது, யேல் சர்வகலாசாலையில் இளநிலை மாணவியாயிருந்த இருபத்தொரு வயது மாயா லின்னின் திட்டம். அவர் அனுப்பியிருந்தவை வர்ணக்குச்சியால் தீற்றிய, மிக எளிமையான சில படங்கள்; அவற்றோடு, நிலத்தை எப்படி வெட்டித் திறப்பது, அங்கே வருகிறவர் எப்படி நடந்து இறங்குவார் என்பதை விவரித்து எழுதிய ஒரு குறிப்பு. சித்திரத் திறமையில் அதை மிஞ்சிய மனுக்கள் அந்தக் குவியலில் எத்தனையோ இருந்திருக்கும். உலகறிந்த ஒரு சிருஷ்டியைச் செய்து முடித்த பிறகும் அவர் மறுபடி மாணவியாக உட்கார்ந்து, 1986இல் யேலில் எம்.ஆர்க். பெற்றார் என்பதையும், படிப்பால் ஆவது ஒன்றுமில்லை என்று வாதிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பற்றிய பயமும் இப்படிப்பட்டதே. தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணக்கிட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் இருக்கிறார். மாணவருக்கு வேண்டியது அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஞானமும், அதைக்காட்டிலும் முக்கியமாக, எட்டாம் வகுப்புக் கணக்கைக் கைவிடாது செய்யும் பொறுமையும். ஒரு மாடிப்படியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் கட்டட விதிகளின்படி, பொதுக் கட்டடத்தில் ஒரு படியின் உயரம், அதாவது ரைசர், 7 அங்குலத்துக்கு மிகக்கூடாது. கால்வைக்கும் மிதி, அதாவது டிரெட், 11 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இடையில் நின்று இளைப்பாறும் லேண்டிங் இல்லாமல் 12 அடிக்கு மேல் ஏறக்கூடாது. மாணவி ஒருத்தி தன் நூல்நிலையத் திட்டத்தில் தளத்துக்குத் தளம் 12 அடி உயரம் வைத்திருக்கிறாள் என்றால், 144 அங்குலத்தை ஏழால் வகுத்து, 21 ரைசர்கள், அவற்றினிடையே 20 டிரெட்கள், ஆகப் படிக்கட்டின் நீளம் 18 அடி 4 அங்குலம் என்று கண்டுகொள்கிறாள். வாசிப்பு அறை இன்னும் கம்பீரமாக இருக்கட்டும் என்று அடுத்த வாரம் உயரத்தை ஒரே ஓர் அடி கூட்டுகிறாள். உடனே 23 ரைசர்கள் ஆகின்றன, நடுவே லேண்டிங்கும் வந்து புகுந்துகொள்கிறது, 44 அங்குல அகலமுள்ள நேர்படிக்கட்டாயின், லேண்டிங்கும் அதே அளவு இடம் பிடிக்க, அதன் நீளம் 22 அடி 11 அங்குலமாக வளர்ந்துவிடுகிறது. மேலே ஓர் அடி ஏற்றியதற்குக் கீழே நாலரை அடிக்கு மேல் பறிபோயிற்று. அந்த நாலரை அடியைப் புத்தக அலமாரிகளிடமிருந்து எடுப்பதா, வாசலிலிருந்து எடுப்பதா, படிக்கட்டை மடக்கித் திருப்புவதா, அல்லது கம்பீரத்தையே கைவிடுவதா? தெருமட்டத்துக்குத் தரைத்தளம் 2 அடி உயர்ந்திருந்தால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்காக ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் 24 அடி நீளச் சாய்தளமும் வேண்டும் என்பது இதற்குள் ஞாபகம் வருகிறது. வகுத்தல் கணக்கைப் பத்து வயதுப் பையன் செய்துவிடுவான். எதை விட்டுக்கொடுப்பது என்ற நிர்ணயத்தை யாரும் செய்து தரமாட்டார்கள். ஸ்டூடியோ என்று பெயர் பெற்ற வகுப்பின் சாரம் இந்த நிர்ணயத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஸ்டூடியோவில் மனத்தில் தோன்றிய மாளிகையை வரைந்துகொண்டிருப்பார்கள் என்ற எண்ணமும் இதனால் தகர்ந்துபோகிறது. 1968இல் யேலில் ராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் ஆகிய மூவரும் நடத்திய ஸ்டூடியோவில் எந்தக் கட்டடத்தையும் வடிவமைக்கவில்லை. மாணவர்களை நூல்நிலையத்தில் மூன்று வாரம் படிக்கவைத்து, பிறகு லாஸ் வேகாஸ் நகரத்துக்கு அழைத்துப்போய், கண்ணியமான ஆர்க்கிடெக்டுகள் முகம் சுளித்துக் கடந்துபோகிற சூதாட்ட விடுதிகளையும், வானளாவிய விளம்பரப் பலகைகளையும், கார் நிறுத்தும் பொட்டல்களையும் பத்து நாள் அளந்து, படமெடுத்து, வரையச்செய்தார்கள். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, இருப்பதை இருக்கிறபடி பார்ப்பதே அங்கே பாடம். 1972இல் அது புத்தகமாக வெளிவந்து, ஒரு தலைமுறையின் அபிப்பிராயங்களைப் புரட்டிப்போட்டது.

கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் வரைந்துவிடுமே என்ற வாதத்துக்கு இங்கே அதிக இடம் தேவையில்லை. பள்ளியில் ரைனோ, அலுவலகத்தில் ரெவிட் என்னும் மென்பொருள்களைப் பழகித்தான் தீர வேண்டும். சுறுசுறுப்பானவருக்குச் சில மாதங்களில் கைவந்துவிடும் காரியங்கள் அவை. மேலே சொன்ன நாலரை அடி எங்கே போவது என்பதை அவை சொல்வதில்லை.

“ராத்தூக்கம் இல்லாத படிப்பு, ஜூரியில் அழவைப்பார்கள்.”

இது முழுப் பொய்யன்று என்பதால்தான் அபாயமானது. நம் கல்லூரிகளில் ‘நைட் அவுட்’ என்று பெருமையோடு பேசப்படும் வழக்கம், அமெரிக்கப் பள்ளிகளிலும் வேறு பெயர்களில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருந்தது. தூக்கத்தைத் துறப்பதே பக்தியின் அடையாளம் என்ற இந்தச் சம்பிரதாயத்தை அங்குள்ள மாணவர் சங்கமே எதிர்த்து, 2002இல் ஸ்டூடியோ வாழ்க்கையைச் சீர்திருத்தக் கோரும் ஓர் அறிக்கையை வெளியிட்டது. பல இரவுகள் விழித்திருந்துவிட்டுக் காரோட்டிய மாணவர் விபத்தில் இறந்த துயரமும் அதன் பின்னணியில் இருந்தது. அதன் பிறகு, ஒவ்வொரு பள்ளியும் ஸ்டூடியோவில் மாணவர் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதைப் பற்றி எழுத்துமூலமான ஒரு கொள்கையை வைத்திருக்க வேண்டுமென்று அங்கீகார வாரியம் 2004இல் நிபந்தனை விதித்தது. நிபந்தனை வந்ததும் இரவெல்லாம் விளக்குகள் அணைந்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தூங்காமலிருப்பதைப் படிப்பின் ஓர் அங்கமென்று எந்தப் பள்ளியும் இன்று வெளிப்படையாக நியாயப்படுத்த முடியாது. ஸப்மிஷனுக்கு முந்தின இரவில் மாடலுக்கு அட்டை வெட்டும் கை தூக்கக் கலக்கத்தில் விரலையும் சேர்த்து வெட்டிக்கொள்ளும் என்பதை எந்த ஆர்க்கிடெக்சர் மாணவரும் ஒப்புக்கொள்வார்.

ஜூரியின் சங்கதி வேறு. பரீட்சைத்தாளைத் திருத்துகிறவரின் முகத்தைப் பார்த்தறியாத நமது மாணவர்களுக்கு, வரைந்த ஷீட்டுகளைச் சுவரில் குத்திவிட்டு, வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஆர்க்கிடெக்டுகளும் ஆசிரியர்களும் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்கள் எதிரே நின்று பத்துப் பதினைந்து நிமிஷம் பேசுவது அவமானத்துக்கென்றே ஏற்பட்ட ஏற்பாடாகத் தோன்றலாம். ‘இந்தச் சுவர் ஏன் இங்கே வந்தது?’ என்று ஒருவர் கேட்டால் அது சுவர் மேல் சுமத்திய குற்றச்சாட்டாகத் தொனிக்கிறதே தவிர, பெரும்பாலும் அது வெறும் கேள்வியே. ஏன் என்பதற்குக் காரணம் இருந்தால் சுவர் நிற்கும், இல்லாவிட்டால் விழும். அன்றியும், அங்கே வருகிற நடுவர்கள் தங்களுக்குள்ளேயே முரண்படுவது வழக்கம். ஒருவர் மெச்சியதை மற்றவர் மறுக்க, மாணவரை மறந்துவிட்டு அவர்களிருவரும் தர்க்கத்தில் இறங்கிவிடுவது அபூர்வமன்று. கடுமையை அறிவு என்று எண்ணிக்கொண்டு நோகடிப்பதிலேயே திருப்தியடையும் சில நடுவர்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

“பட்டம் கைக்கு வந்தால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாம்.”

நமது நாட்டில் பி.ஆர்க். முடித்தவர் கவுன்சிலில் பதிவுசெய்துகொண்ட அன்றே அப்பெயரைப் போட்டுக்கொள்ளலாமாகையால், அமெரிக்காவிலும் அவ்வாறே இருக்கும் என்று அனுமானித்துவிடுகிறோம். அங்கே 1897இல் இல்லினாய் மாநிலம் முதன்முதலாக ஆர்க்கிடெக்டுகளுக்கு லைசென்ஸ் சட்டம் இயற்றிற்று. இன்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே லைசென்ஸ் கொடுக்கிறது. அது கையில் வரும்வரை, எம்.ஆர்க். பெற்றவராயினும் தம் பெயருக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்வது சட்ட விரோதம். அதற்காக அவர் கடக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, லைசென்ஸ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 3,740 மணி நேரம் வேலை செய்து, அதை வகைவகையாகப் பிரித்துக் கணக்குக் கொடுப்பது. மற்றொன்று, ஆறு பாகங்களைக் கொண்ட ஏ.ஆர்.இ. பரீட்சை. அந்த 3,740 மணி எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே இந்தத் தொழிலின் நிஜ ஸ்வரூபம் விளங்கும். ஒரு திட்டத்துக்கு வேண்டியவற்றை ஆராய்ந்து வகுப்பதற்கு 260 மணி. திட்டமிட்டு வடிவமைப்பதற்கு 1,080 மணி. கட்டுபவர் கையில் கொடுக்கத்தக்க நுணுக்கமான வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் தயாரிப்பதற்கோ 1,520 மணி. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைத்தண்ணீர் எப்படி உள்ளே புகாமலிருக்கும் என்பதை வரைந்துகொண்டிருப்பதே பெரும் பகுதி என்று அறிந்து மனம் சோர்கிறவர்கள், பணம் கட்டுமுன்பே சோர்ந்துவிடுவது உத்தமம்.

தாய்நாடு திரும்ப எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு துறையில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மூன்றரை வருஷ எம்.ஆர்க். முடித்து வருகிறவர், அதைக் காட்டியவுடனே இங்கே பதிவு கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அயல்நாட்டுப் பட்டங்களை அங்கீகரிப்பது மத்திய அரசாங்கம் கவுன்சிலைக் கலந்துகொண்டு செய்ய வேண்டிய காரியமாகச் சட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பதிவு இல்லாதவர் கட்டடங்களை வடிவமைப்பதையே இந்தச் சட்டம் தடுக்கவில்லை, ஆர்க்கிடெக்ட் என்னும் பட்டப்பெயரைச் சூட்டிக்கொள்வதை மட்டுமே தடுக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது என்பது உண்மை. எனினும் அந்தத் தீர்ப்பை நம்பி ஏழு செமஸ்டர் பீஸைக் கட்டுவது விவேகமாகாது.

“மேதைகள் எவரும் பட்டம் வாங்கவில்லையே.”

பிராங்க் லாயிட் ரைட், லெ கொர்பூசியே, மீஸ் வான் டெர் ரோ, நம் காலத்தில் ஜப்பானின் தடாவோ ஆண்டோ ஆகியோரின் பெயர்களை அடுக்கி இந்த வாதத்தை எழுப்புகிறவர்கள், ஒரு காலவித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். ரைட் தொழிலில் இறங்கியபோது அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் லைசென்ஸ் சட்டமே பிறந்திருக்கவில்லை. இன்றும் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில், அங்கீகாரம் பெற்ற பட்டமில்லாமல் நெடுங்கால அனுபவத்தைக் காட்டி லைசென்ஸ் பெற வழியிருக்கிறது; மற்றப் பல மாநிலங்களில் அது கிடையாது. அதோடு, அவர்களில் பலர் யாரிடமும் கற்காமல் தாமாகவே சித்தியடைந்தவர்களும் அல்லர். ரைட், சிகாகோவில் ஆட்லர்–ஸல்லிவன் அலுவலகத்தில் ஏறத்தாழ ஐந்து வருஷம் வரைபலகை முன் உட்கார்ந்தார். கொர்பூசியேயும் மீஸும் பெர்லினில் ஆர்க்கிடெக்ட் பீட்டர் பேரன்ஸிடம் வேலை பார்த்தார்கள்.

பட்டமில்லாத இந்தப் பெரியவர்கள் பள்ளிகளை வெறுத்து ஒதுக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. ரைட் 1932இல் தம் இல்லத்திலேயே ஆரம்பித்த குருகுலம் பிற்காலத்தில் முறையான பள்ளியாகி, என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். பட்டத்தையே வழங்கலாயிற்று. கல் தச்சரின் மகனான மீஸ், 1938 முதல் இருபது வருஷம் சிகாகோவில் இன்று ஐ.ஐ.டி. என்று வழங்கும் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளிக்குத் தலைவராயிருந்தார். அங்கே புதிதாகச் சேர்ந்தவரிடம் யாரும் கட்டடத்தை வடிவமைக்கச் சொல்லவில்லை. முதலில் வரையக் கற்றுக்கொண்டு, பிறகு மரத்தாலும் கல்லாலும் செங்கல்லாலும் ஒன்றை எப்படிக் கட்டுவது என்பதைக் கற்றுத் தேர்ந்த பின்பே வடிவமைப்புக்குப் போக வேண்டும். செங்கற்சுவருக்கு வந்ததும், மூலையில் இரண்டு சுவர்கள் சந்திக்குமிடத்தில் எந்தச் செங்கல்லை முழுதாக வைப்பது, எதைப் பாதியாக உடைப்பது என்பதை, வரிசை வரிசையாக, ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியே வரைந்து காட்டச் சொன்னார்கள்.